அடுப்படிப் பின்வாசல்

கொஞ்சம் அங்கிட்டு நகந்துக்கிறியா தாயி. இந்தத் தூக்குவாளிய மடியில வச்சா சூடு தாங்கலை, நடுவுல வச்சுக்கிறேன். நீ வத்தலக்குண்டா? நாங்களும் அங்கிட்டுத்தான், அதுக்கும் மேல ஒரு பஸ்ஸு மாறணும். நாங்கன்னா நானும் எம்மகளும். அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல, நீலக் கலர் பேன்ட்டு சட்டை போட்டு, தலைய ஜன்னக் கம்பியில சாச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கால்ல, அவதான். வினோதினி. பக்கத்துச் சீட்டு காலியாத்தான் கெடக்கு. நான் போயி உக்காந்தா எந்திரிச்சு நின்னுக்கிர்றா. இந்த வளைவுல நின்னுக்கிட்டே வந்தா மயக்கம் போட்டு விழுந்துருவாளேன்னு நானே எந்திரிச்சு இங்கிட்டு வந்துட்டேன்.

காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படலை அவளுக்கு. அதான் எனக்கு உசுரே போகுது.

உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன. இந்தப் பஸ்ஸ விட்டு எறங்குனா நீ யாரோ நான் யாரோ. மலை மேல ஒரு பள்ளிக்கூடத்துல லீவுக்கு ஓட்டக் கேம்ப்பு நடக்குது. கிராஸ் கன்ட்ரின்னு சொல்றாக. மைதானத்தச் சுத்திச் சுத்தி ஓடுறது இல்ல. காடு, மேடு, பள்ளம், ஓடைன்னு எது குறுக்க வந்தாலும் ஓடணும். ஏழெட்டு மாவட்டத்துலருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளப் பொறுக்கி எடுத்துக் கூட்டியாந்திருக்காக. கேம்ப்பு முடியிற அன்னைக்கு ஒரு ஓட்டம் வைப்பாக. அதுல முன்னால வர்ற ஆறு பொம்பளப் பிள்ளைகளுக்கு விளையாட்டு விடுதியில எடம். தங்குறது, சாப்பாடு, பிளஸ் ஒன் படிப்பு, எல்லாத்தையும் அவுகளே பாத்துக்கிருவாக. அந்த ஓட்டம் நாளைக்குக் காலையில. நாங்க இன்னைக்குக் கீழ எறங்கிக்கிட்டு இருக்கோம். எங்க கெதியப் பாத்தியா.

எடம் கெடைக்கலேன்னா மில்லுதான். அவுக அப்பா மில்லு ஏஜென்டுகிட்ட வாக்குக் குடுத்துட்டாரு. திங்கக்கிழமை வெள்ளன வேன் வந்து வாசல்ல நிக்கும். மூத்தவ கவுசல்யாவும் இப்படித்தான் வேன்ல ஏறிப் போனா. போகையில கன்னம் ரெண்டும் புசுபுசுன்னு இருந்துச்சு. மூணு வருசம் கழிச்சு வந்து எறங்குறா, எனக்கு யாருன்னே தெரியலை தாயி. பக்கத்து வீட்டுக்காரிதான், 'உம்மக வந்து நிக்கிறாடி, என்ன பாத்துக்கிட்டே இருக்க'ன்னா. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு, பஞ்சு இருமல் இருமிக்கிட்டு நிக்கிறா. அங்க என்னத்தடி தின்னேன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேங்கிறா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சின்னவ எந்த ஊருக்குப் போனாலும் நான் கூடப் போயிச் சோறு போடுவேன். அவள ஒருத்தரும் எலும்பும் தோலுமா எங்கிட்டத் திருப்பித் தர முடியாது.

ஆனா கேம்ப்புக்குப் பெத்தவுக வரக் கூடாதாம். ஞாயித்துக்கிழமை மட்டும் கேட்டுக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போகலாமாம். இதென்ன செயிலா? நான் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போறவ. என் நேரமோ என்னமோ, எங்க சமையல் மாஸ்டருக்குத்தான் இந்தக் கேம்ப்புச் சாப்பாட்டுக் காண்ட்ராக்டு கெடைச்சுச்சு. சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு நெனச்சேன். மாஸ்டர் கால்ல விழாத கொறையாக் கெஞ்சிக் கூத்தாடி நானும் வேலைக்குக் கெளம்பிட்டேன். வினோவக் கூப்பிட்டுச் சொன்னேன். 'இங்க பாரு, அங்க நீ யாரோ நான் யாரோ. மறந்தும் அம்மான்னு கூப்பிட்டுராத, தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெரட்டி விட்டுருவாக'ன்னேன். அவ அப்படியே என்னியப் பாத்துக்கிட்டே இருந்தா. பெறகு கண்ணு கலங்கிருச்சு. சந்தோசத்துல அழுகுது புள்ளைன்னு நெனச்சு எனக்கும் அழுகை வந்துருச்சு.

மொத வாரம் எம்மக ஓடுனா பாரு. அடுப்படிப் பின்வாசல்ல நின்னா எதுக்க இருக்கிற மேடு தெரியும். அத ஏறி எறங்கித்தான் பிள்ளைக வரணும். மொதத் தல எம்மக தலையாத்தான் இருக்கும். அவளுக்குப் பின்னால ரொம்ப நேரத்துக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாக. எட்வின் சாருன்னு அங்க கோச்சு. கையில கடியாரத்த வச்சுக்கிட்டு அதையும் பாப்பாரு, அவளையும் பாப்பாரு. 'இந்த மலைக் காத்துல இப்படி ஓடுற புள்ள கீழ எறங்குச்சுன்னா ஒருத்தராலயும் பிடிக்க முடியாது'ன்னு மாஸ்டர்கிட்டச் சொன்னாரு. நான் பக்கத்துல கத்திரிக்கா அரிஞ்சுக்கிட்டு இருந்தேன். கேட்ட சந்தோசத்துல வெரலையும் சேத்து அரிஞ்சுட்டேன்.

எல்லாம் சரிதான். ஆனா சோறு பத்தலை தாயி. வெள்ளன ஓடப் போகையில அந்தப் பிள்ளைகளுக்கு என்ன குடுக்குறாக தெரியுமா? ஒரு வாழப்பழம், அரை டம்ளர் கடுங்காப்பி. அதான். சாரு போட்ட சட்டம். வயிறு காலியா இருந்தாத்தான் மூச்சு எடுக்குமாம். ஓடி முடிச்சு வந்த பெறகு இட்டிலி, முட்டை, சுண்டல்னு போடச் சொல்றாரு. ஓடுறதுக்கு முன்னால தெம்பு வேணாமா? ஓடி முடிச்ச பெறகு தெம்ப வச்சு என்ன செய்ய? வண்டிக்கு டீசல் ஊத்திட்டு ஓட்டுவாகளா, ஓட்டிட்டு ஊத்துவாகளா? நீ படிச்ச புள்ள மாதிரி இருக்க, நீயே சொல்லு.

ஒரு வாரம் பாத்தேன், பெறகு நானே ஒரு வழி பண்ணிட்டேன். அந்தப் பின்வாசல்ல வெறகு அடுக்கி வச்சிருக்கும். பிள்ளைக பாட்டிலுக்குத் தண்ணி பிடிக்க அந்த வழியாத்தான் வரும். வினோ வந்தான்னா கரண்டிய வச்சு அண்டாவுல ரெண்டு தட்டுத் தட்டுவேன். அவ வெறகுக்குப் பின்னால வந்து நிக்கணும். கேப்பக்களி கிண்டி, நல்லெண்ணெய ஊத்தி, கருப்பட்டி வச்சுப் பெசஞ்சு வச்சிருப்பேன். கூட ரெண்டு அவிச்ச முட்டை. அவ கையில குடுத்தா தின்ன மாட்டான்னு நானே உருட்டி உருட்டி வாயில திணிச்சு விட்டுருவேன்.

'வேணாம்மா, ஓட முடியலம்மா'ம்பா. எந்தப் புள்ள வேணும்னு கேட்டு வாங்கித் தின்னுருக்கு? 'சீக்கிரம் முழுங்குடி, சாரு வந்துருவாரு'ம்பேன். கண்ணு முட்டிக்கிட்டு முழுங்குவா. ஒரு நா வாயத் தொறக்கவே மாட்டேன்னு நின்னுட்டா. சரி, நீ திங்கலேன்னா நானும் திங்கலேன்னு அன்னைக்குப் பூரா பட்டினி கெடந்தேன். அம்புட்டுப் பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு நான் ஒரு வாய் வைக்கலை. சாயந்தரம் தண்ணி பிடிக்க வந்தவ என் மொகத்தப் பாத்தா. அடுப்புச் சூட்டுல நிக்க முடியாம செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். தானா வந்து வாயத் தொறந்து காட்டுனா. அதுக்கப்புறம் ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னதில்ல. பாசக்காரப் புள்ள அவ. இந்தக் கோவமெல்லாம் இன்னைக்குத்தான்.

அப்பத்தான் கண்ணு பட்டுச்சு.

ரெண்டாவது வாரம் மொதல்ல வர்றவ அஞ்சாவதா வந்தா. அப்புறம் கூட்டத்தோட கூட்டமா வந்தா. ஒரு நா வெலாவக் கையால பிடிச்சுக்கிட்டு நடந்தே வர்றா. இன்னொரு நா ஓடையத் தாண்டுற எடத்துல குனிஞ்சு வாந்தி எடுத்தாளாம். சாரு அந்த எடத்துக்குப் போயிப் பாத்துட்டு நேரா அடுப்படிக்கு வந்தாரு. 'மாஸ்டர், காலையில நம்ம களி ஏதும் கிண்டுறோமா'ன்னு கேட்டாரு. 'களியா, அதெல்லாம் இங்க யாரு சார் திங்கப் போறா'ன்னாரு மாஸ்டர். நான் பாத்திரத்தக் கொஞ்சம் சத்தமாக் கழுவுனேன்.

வாந்தின்னதும் எனக்கு வெளங்கிப் போச்சு, இது கண்ணுதான்னு. அங்க ஆஷ்மிதான்னு ஒரு புள்ள. மொத வாரமெல்லாம் இவளுக்கு அடுத்ததா வந்தவ. வினோ ஓடுறத வச்ச கண்ணு வாங்காமப் பாப்பா. இவ பின்னால போனதும் அவ மொதல்ல வர ஆரம்பிச்சுட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? மொளகா, உப்பு, வெளக்குமாத்துக் குச்சி எல்லாத்தையும் எடுத்து, வினோ ஹாலுக்குள்ள சாப்பிடுறப்ப ஜன்னலுக்கு வெளிய நின்னு மூணு சுத்து சுத்தி அடுப்புல போட்டேன். நெடி கெளம்புச்சு பாரு. சாப்பிட்டுக்கிட்டு இருந்த அம்புட்டுப் பிள்ளைகளும் இருமிக்கிட்டு வெளிய ஓடுச்சு. மாஸ்டர் மூக்கப் பொத்திக்கிட்டு வந்து, 'திஷ்டி இருந்தா நெடியே வராது, இந்த நெடி வருதுன்னா திஷ்டியே இல்லேன்னு அர்த்தம்'ன்னாரு. அது நம்ம ஊரு மொளகாய்க்கு. இது மலைக்கடையில வாங்குன மொளகா. இதுக்கு எப்படியோ யாரு கண்டா.

அதுக்குப் பெறகு அந்த எட்வின் சாரு என்ன செஞ்சாருங்கிற? 'வினோதினிக்கு வயிறு சரியில்ல'ன்னு மத்தியானச் சோத்தையும் கொறைச்சுட்டாரு. எனக்கு வயித்தெரிச்சலா வந்துச்சு. தயிர்ச்சோறு ஒரு கரண்டி, அம்புட்டுத்தான். அவரு அங்க ஒரு கரண்டி கொறைச்சா நான் பின்வாசல்ல ரெண்டு கரண்டி கூட்டுனேன். பெத்தவ வேற என்ன செய்வா? கறி எடுக்கிற அன்னைக்கு ஈரலத் தனியா எடுத்து வச்சு வதக்கிக் குடுத்தேன். நெய்ய உருக்கிக் குடிக்கக் குடுத்தேன். 'இந்தப் புள்ளைக்கு ஒடம்பு ஏறுது, ஓட்டம் எறங்குது, ஒண்ணும் புரியலையே'ன்னு சாரு பொலம்புனாராம். ஒடம்பு ஏறுறது ஒரு கொறையா தாயி? கவுசல்யாவப் பாத்திருந்தா அந்த மனுசன் இப்படிப் பேசுவாரா?

நாளு நெருங்க நெருங்க எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மலை மேல பால் வேன் வந்து ஹார்ன் அடிச்சாக்கூட மில்லு வேன்தான் வந்துருச்சுன்னு கரண்டியப் போட்டுட்டு வாசலுக்கு ஓடுவேன். பருப்ப அடுப்புல வச்சுட்டு மறந்து போயி அடிப்பிடிக்க விட்டு, மாஸ்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். எந்தச் சாமியக் கும்பிடலைங்கிற. எப்படியாச்சும் அந்த ஆறு பேருல எம்மகளையும் சேத்துருன்னு நான் வேண்டாத வேண்டுதல் இல்ல.

இன்னைக்குக் காலையில லேசா ஒரு பயிற்சி ஓட்டம். மாஸ்டர் கூடவே நின்னதால களி கிண்ட முடியலை, அவ பழத்தையும் வேணாம்னுட்டா. ரெண்டு அவிச்ச முட்டைய உரிக்காம அவ பேன்ட்டுப் பாக்கெட்டுல போட்டு, 'ஓடையத் தாண்டுனதும் தின்னுக்க'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். கோடு போட்டு நிக்கிற எடத்துல சாரு பாத்துட்டாரு, பாக்கெட்டு ரெண்டும் உப்பிக்கிட்டு இருக்குன்னு. முட்டை கொறையுது, முட்டை கொறையுதுன்னு மாஸ்டர் வேற ரொம்ப நாளா அவருகிட்ட அனத்திக்கிட்டு இருந்திருக்காரு. ரெண்டு முட்டையையும் கையில வச்சுக்கிட்டு அவளக் கூட்டிக்கிட்டு அடுப்படிக்கே வந்துட்டாரு. பின்னால அம்புட்டுப் பிள்ளைகளும் வந்து நின்னு வேடிக்கை பாக்குதுக.

'யாரும்மா குடுத்தா?'ன்னாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டே, 'நானே எடுத்தேன் சார்'ன்னா. 'நீ எடுக்கிற புள்ள இல்ல வினோ. யாரு குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லு, நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீ ஓடு. உன் பழைய ஓட்டம் ஓடுனா நீதான் மொதல்ல வருவ. சொல்லலேன்னா திருட்டுன்னு ஆகிரும்மா. திருடுன புள்ளைய என்னால கேம்ப்ல வச்சுக்க முடியாது'ன்னு கெஞ்சுறாரு அந்த மனுசன். கோச்சுக்காரரு கெஞ்சுறாரு தாயி. அவ திரும்பவும், 'நானே எடுத்தேன் சார்'னுதான் சொன்னா. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை.

நான் அங்கதான் நின்னேன், கரண்டியும் கையுமா. நீ என்ன கேக்க வர்றேன்னு தெரியுது. வாயத் தொறந்திருக்கலாம்லன்னுதான கேக்குற? தொறந்து? என்னிய வெளிய அனுப்பிட்டாகன்னா நாளைக்கு ஓட்டத்துக்கு முன்னால அவளுக்கு யாரு களி கிண்டிக் குடுப்பா? வெறும் வாழப்பழத்தத் தின்னுட்டு அவ எப்படி ஓடுவா? அத நெனச்சுத்தான் வாய மூடிக்கிட்டு நின்னேன். அவளாச்சும் புத்தியா அந்த ஆஷ்மிதா குடுத்தான்னு சொல்லியிருக்கலாம். அதுவும் சொல்லலை. பொய்யே சொல்லத் தெரியாது அவளுக்கு, நான் வளத்த வளப்பு அப்படி.

அப்புறம் சாரு அவ வீட்டுக்குப் போன் போட்டாரு. வீட்டுப் போன் எங்க இருக்கு? என் இடுப்புல. முந்தானைக்குள்ள அது அலறுது. வயித்தப் பிடிச்சுக்கிட்டு வெறகுக்குப் பின்னால ஓடிப்போயி, மூக்கால பேசுனேன். 'வினோதினி அம்மாவா? உங்க பொண்ண வந்து கூட்டிட்டுப் போகணும்மா'ன்னாரு. 'ஒடனே கெளம்பி வர முடியாது சார்'ன்னேன். 'சரி, இங்கருந்து யாரையாவது கூட அனுப்புறேன்'ன்னு வச்சுட்டாரு. நான் இந்தப் பக்கம் வாறேன், அவரு அந்தப் பக்கம் வந்து, 'கீழ எறங்குறவங்க யாராவது இருக்கீங்களா'ன்னு கேக்குறாரு. நான் கொண்டுபோயி விடுறேன் சாருன்னு முன்னால போயி நின்னேன்.

'உங்களுக்குப் புண்ணியமாப் போகும்மா'ன்னு என்னியக் கையெடுத்துக் கும்பிட்டாரு. 'அவங்க அம்மா கையில பத்திரமா ஒப்படைச்சிருங்க. அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. நான் கோச்சா இருந்த காலத்துல இப்படி ஒரு புள்ளையப் பாத்ததில்ல. யாரோ அவளக் கெடுத்துட்டாங்க'ன்னாரு. பாத்தியா, அவருக்கே தெரிஞ்சிருக்கு. பேரச் சொல்லலை, ஆனா ஆஷ்மிதாவத்தான் சொல்றாரு.

இந்தா தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும், இந்தத் தூக்குவாளியக் கொண்டுபோயி அவகிட்டக் குடேன். புளிச்சோறு, மேல ரெண்டு முட்டை வச்சிருக்கேன். நான் குடுத்தேன்னு சொல்லாத, உன் சாப்பாடுன்னு சொல்லு. கம்பியப் பிடிச்சுக்கிட்டுப் போ, வளைவு வருது.

என்ன, அப்படியே கொண்டாந்துட்ட? மூடியக்கூடத் தொறக்கலையா? என்ன சொன்னா? 'ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான்கா பசிக்குது, அப்படியே இருக்கட்டும்'னாளா? பசிக்குதுன்னா திங்க வேண்டியதுதான? பசிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறா? இது என்ன பேச்சு, எனக்கு ஒண்ணும் புரியலை. பசின்னா என்னன்னு அவளுக்குத் தெரியாம வளத்தவ நான்.

பெருமாள்மலை வந்துருச்சு. இங்க டீக்கு நிப்பாட்டுவான். அந்தா, அவ எறங்குறா. எறங்கட்டும், மொகத்தக் கழுவிட்டு வரட்டும். பையச் சீட்டுலயே விட்டுட்டுப் போறா பாரு, யாராச்சும் தூக்கிட்டுப் போனா? எதுக்குக் குனியுறா? வாந்தி வருதா? வயித்துல ஒண்ணுமே இல்லையே, என்னத்த வாந்தி எடுப்பா. இல்ல, சூ நாடாவ இறுக்கிக் கட்டுறா. எதுக்கு இப்ப?

ஏ வினோ. எங்கிட்டுடீ போற. அது மேல போற ரோடுடீ.

ஓடுறா தாயி. கேம்ப்புக்குத்தான் ஓடுறா. அம்புட்டு தூரமும் மேடு, அம்புட்டையும் ஓடியே போகப் போறாளா? கண்டக்டர், செத்த பொறுப்பா, விசில் ஊதாத. எம்மக ஓடுது. ஜன்ன வழியாப் பாரேன், எனக்குக் கண்ணு மறைக்குது. நடக்குறாளா? வெலாவப் பிடிக்கிறாளா? பிடிக்கலையா? ரெண்டு கையையும் வீசித்தான் ஓடுறாளா? ஆமா. எனக்கும் தெரியுது. மொத வாரம் இப்படித்தான் ஓடுனா. இதே ஓட்டம்தான் தாயி. காலையிலருந்து ஒண்ணுமே திங்காம எப்படி இந்த ஓட்டம் ஓடுறா. ஒண்ணுமே திங்காம.

இல்ல, நான் எறங்கலை. நான் பின்னால போனா நின்னுருவா. என்னியக் கண்டா நின்னுருவா, அது மட்டும் எனக்குத் தெரியுது. கண்டக்டர், நீ வண்டிய எடுப்பா.

ஆனா போயிக் கேட்டுல நின்னா சாரு உள்ள விடுவாரா? திருட்டுப் பட்டமில்ல கட்டி அனுப்பியிருக்காரு. அங்க போயும் இவ வாயத் தொறக்க மாட்டா, எனக்குத் தெரியும். தாயி, இந்தா போனு. கடைசியா வந்த நம்பரு அவருதான், அதுல அமுக்கு. நீயே பேசு, எனக்குப் பேச்சு வராது. வினோதினி அந்த முட்டைய எடுக்கலைன்னு சொல்லு. யாரு குடுத்தான்னு கேப்பாரு. அவ ஆத்தா குடுத்தான்னு சொல்லு. அடுப்படியில கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே, கொண்டுபோயி விடுறேன்னு வந்து நின்னாளே, அவதான் ஆத்தான்னு சொல்லிரு. இனிமே அந்தப் பக்கமே வர மாட்டான்னும் சொல்லு. புள்ள மேல ஓடி வந்துக்கிட்டு இருக்கு, நாளைக்கு அவள ஓட விடச் சொல்லு.

மணி அடிக்குதா? எடுத்துட்டாரா? அப்புறம் தாயி, இன்னொண்ணு மட்டும் சொல்லிரு. காலையிலருந்து வெறும் வயித்தோட இருக்கா, வந்ததும் மொதல்ல ஒரு வாய் சோறு குடுக்கச் சொல்லு.